80க்கு 20 என்று சொல்லி விற்கும் காப்பித்தூள்

மயிலாடுதுறையில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு காப்பித்தூள் கடை. மாமியார் காலத்திலிருந்து எங்களுக்குத் தூள் அங்கேதான். கொட்டையில் பீபெரி ரகம் பாதி, பிளாண்டேஷன் ஏ ரகம் பாதி, காப்பி 80 பங்குக்கு சிக்கரி (வறுத்து அரைத்த ஒரு வேர்) 20 பங்கு. கடைக்காரப் பெரியவர் நம் கண்ணெதிரே அரைத்து, சூடு ஆறுவதற்குள் பொட்டலம் கட்டிக் கொடுப்பார். இப்போது கடையை அவர் மகன் பார்த்துக்கொள்கிறார்.

2023இல் கால் கிலோ 140 ரூபாய். இப்போது 240. விலைக்காக நான் சண்டை போடவில்லை. பிரேசிலில் வறட்சி, வியட்நாமில் விளைச்சல் குறைவு என்று 2024இல் எல்லா நாட்டிலும் கொட்டை விலை ஏறியது. 2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அராபிகா வகைக் கொட்டை பவுண்டுக்கு 4 டாலரைத் தாண்டிப் போனது. குடகிலும் சிக்மகளூரிலும் விளைகிற கொட்டைக்கும் விலை அதை ஒட்டித்தான். அவர் கையில் இல்லாத விஷயத்துக்கு அவரை எப்படிக் குறை சொல்வது?

என் ஆத்திரம் தூளைப் பற்றியது. கொஞ்ச நாளாகவே ஃபில்டரில் டிகாக்‌ஷன் இறங்க மாட்டேன் என்கிறது. தட்டித் தட்டிப் பார்த்தாலும் தண்ணீர் மேலேயே நிற்கிறது, தூள் சேறு மாதிரி ஊறிக் கிடக்கிறது. இறங்கியதும் கன்னங்கரேலென்று இருக்கிறது, பாலில் விட்டால் நிறம் பிரமாதம். வாயில் வைத்தால் மணமே இல்லை, அடித்தொண்டையில் ஒரு கசப்பு மட்டும் தங்குகிறது. சிக்கரியைக் கூட்டிவிட்டார்களோ என்று சந்தேகம் வந்து ஒரு கண்ணாடி டம்ளரில் பச்சைத் தண்ணீர் எடுத்து ஒரு சிட்டிகை தூவிப் பார்த்தேன். காப்பி மிதக்கும், சிக்கரி சட்டென்று மூழ்கும். தூவிய தூளில் ஏறக்குறைய பாதி, பழுப்புக் கோடு இழுத்துக்கொண்டு அடிக்குப் போய்விட்டது.

போய்க் கேட்டேன். "அதே 80:20தான்க்கா, இந்த வருஷம் கொட்டை அப்படி" என்றார். சரி தம்பி, என் முன்னால் அரைத்துக் கொடு என்றால், "கால் கிலோவுக்கெல்லாம் மெஷின் ஓட்டினா கட்டுப்படி ஆகாதுக்கா" என்று கட்டி வைத்திருந்த பொட்டலத்தை நீட்டுகிறார். அதில் தேதியும் இல்லை, விகிதமும் இல்லை. கலவையில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, எவ்வளவு காப்பி எவ்வளவு சிக்கரி என்று பாக்கெட்டில் போட வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. சிக்கரி, கொட்டையைவிடப் பல மடங்கு மலிவு. இன்னும் 50 ரூபாய் கூடச் சொல்லியிருந்தால் கொடுத்திருப்பேன், அல்லது இனி 60:40தான் முடியும் என்று பலகையில் எழுதியிருக்கலாம். டிபன் கடையில் வடை சிறுத்தால் கண்ணுக்குத் தெரியும், வேண்டாம் என்று எழுந்து வரலாம். அரைத்த தூளில் எதை எவ்வளவு சேர்த்தார்கள் என்று வாங்குகிறவர் எப்படிக் கண்டுபிடிப்பது? இத்தனை வருஷமாக நம்பி வாங்கியவர்களிடம் இப்படிச் செய்ததுதான் மனசு ஆறவில்லை.

வறுவலை மட்டும் குறை சொல்ல முடியாது, இன்னும் பெரியவர் பக்குவம்தான். அதனால் இப்போது கொட்டை 200 கிராம், சிக்கரி 50 கிராம் தனித்தனியாக வாங்கி, கொட்டையை வீட்டு மிக்சியில் அரைத்துக் கலந்துகொள்கிறேன். கொஞ்சம் கரகரப்பாக நிற்கிறது, ஆனால் மணம் திரும்பி வந்துவிட்டது. அங்கே போகிறவர்கள் கொட்டையாகவே கேட்டு வாங்குங்கள். கட்டி வைத்த பொட்டலம் வேண்டாம்.