பெல்ட் அறுந்து வால்வு வளைஞ்சாச்சு, ஹெட் வேலையா பழைய என்ஜினா?

போன மாசம் நம்ம பழைய டீசல் கார்ல டைமிங் பெல்ட் அறுந்துச்சு (வால்வும் பிஸ்டனும் ஒண்ணோட ஒண்ணு இடிக்காம சேந்து ஓட வைக்கிற பெல்ட், அது அறுந்தா பிஸ்டன் வால்வுல இடிச்சு வளைச்சிடும்), விக்கிரவாண்டி தாண்டி ஒரு பத்து நிமிஷம் போயிருப்போம், பெருசா சத்தம் கூட இல்ல, அப்படியே ஆஃப். தப்பு என்னோடதுதான், செகண்ட் ஹேண்டா வாங்கும்போது பெல்ட் எப்ப மாத்துனதுன்னு கேக்கவே இல்ல. அது பத்தாதுன்னு நாலஞ்சு தடவ செல்ஃப் வேற அடிச்சேன். கம்ப்ரஷனே (சிலிண்டருக்குள்ள காத்து அமுங்குற எதிர்ப்பு) இல்லாம சுர்ர்னு லேசா சுத்துச்சுன்னா சாவிய உருவிடுங்க, உள்ள ஏதாச்சும் ஒடஞ்சு கெடந்தா சிலிண்டர கீறி வெச்சிடும்.

மெக்கானிக் ரெண்டு வழி சொன்னாரு. ஒண்ணு ஹெட்ட (வால்வெல்லாம் இருக்குற என்ஜினோட மேல்பாகம்) எறக்கி வால்வு மாத்துறது, இன்னொண்ணு சென்னைல பழைய வண்டி பார்ட்ஸ் விக்கிற புதுப்பேட்டைல பழைய என்ஜின் எடுத்து மாட்டுறது. நான் ஹெட் வேலைதான் பண்ணேன்.

என்ஜின் மாத்துனா வேலை சீக்கிரம் முடியும், அது நெஜம். ஆனா வர்ற என்ஜின்ல இருக்குற பெல்ட் எத்தன வருஷத்துதுன்னு யாருக்குத் தெரியும்? அதுக்கும் பெல்ட், அத இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர், வாட்டர் பம்ப் எல்லாம் புதுசா போட்டுதான் ஆகணும், அப்ப அந்தக் காசு மிச்சமில்ல.

எனக்கு முடிவு பண்ண வெச்சது ஆர்சி புக்குதான். அதுல என்ஜின் நம்பர் இருக்கு, என்ஜின் மாறுனா நம்பரும் மாறும். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவுப்படி ஆர்டிஓகிட்ட தெரியப்படுத்தி ஆர்சில மாத்தி வாங்கணும். அதுக்கு அந்த என்ஜின் எந்த வண்டியோடது, வித்தவன் யாருன்னு பில்லு கேப்பாங்க. கடைக்காரர் "பில்லெல்லாம் பாத்துக்கலாம் சார்"னு சொன்னாரே, அங்கயே எனக்கு வயித்த கலக்கிடுச்சு. திருட்டு வண்டி என்ஜினா இருந்தா? ஆர்சில மாத்தாம விட்டா வண்டிய விக்கும்போது வாங்குறவன் பானெட்ட தூக்கி நம்பர பாப்பான், வெல பாதியாயிடும். இன்சூரன்ஸ் க்ளைம்லயும் இழுத்தடிப்பாங்க, 15 வருஷம் கழிச்சு எஃப்சிக்கு (ஃபிட்னஸ் சர்டிஃபிகேட்) போனாலும் மாட்டுவோம். ஹெட் வேலைல இந்தத் தலவலி எதுவும் கெடையாது, நம்பர் இருக்குறது ஹெட்டுக்குக் கீழ இருக்குற பிளாக்லதான்.

ஹெட்ட எறக்குனப்போ 8 வால்வுல 6 வளைஞ்சிருந்துச்சு, எட்டையும் மாத்தச் சொல்லிட்டேன். வால்வு ஏறி எறங்குற கைடு பாத்து, அது ஒக்கார்ற சீட் அறுத்து, ரெண்டும் கச்சிதமா சேர லேப்பிங் (தேய்ச்சு விடுறது) பண்ணி, லேத்காரர் போர்ட்ல (காத்து போற வழி) பெட்ரோல் ஊத்தி கசியுதான்னு காட்டுனாரு, அத நின்னு பாத்துட்டு வாங்க. ஹெட் போல்ட்டு புதுசு போடுங்க, முறுக்கும்போது நீளுற டைப் போல்ட்ட திரும்ப முறுக்கக் கூடாது. முக்கியமா நாலு பிஸ்டனும் மேல வரும்போது உயரத்த டயல் கேஜ் வெச்சு பாக்கச் சொல்லுங்க, ஒண்ணு மட்டும் தாழ்ந்திருந்தா கனெக்டிங் ராட் (பிஸ்டன கிராங்கோட இணைக்கிற தண்டு) வளைஞ்சிருக்கு. டீசல்ல ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல வர்ற கேஸ்கெட் தடிமன் தேர்ந்தெடுக்கவும் அந்த அளவு வேணும்.

எல்லாம் சேத்து 48 ஆயிரம் ஆச்சு, என்ஜினுக்கு மட்டும் 65 கேட்டாங்க. ராட் வளைஞ்சோ பிஸ்டன் ஒடஞ்சோ இருந்தா நானும் என்ஜினுக்குத்தான் போயிருப்பேன், ஒழுங்கா பில்லோட. 16 வால்வு வண்டில இந்த கணக்கு எப்படி வரும்னு என்னால சொல்ல முடியாது, வால்வு செலவே ரெண்டு மடங்காகும். நம்ம வண்டியும் வேலை முடிஞ்சு 1500 கிலோமீட்டர்தான் ஓடிருக்கு, இதுவரைக்கும் ஆயில் குடிக்கல, காலைல மொத செல்ஃப்ல எடுக்குது.