1,280 வெள்ளி போச்சு: சின்னப் பிள்ளைகளை டெக், லைஃப் ஸ்கில்ஸ் வகுப்பில் சேர்க்கும் முன் இதைப் படியுங்கள்

1,280 வெள்ளி. 16 வகுப்புக்கு மொத்தமாக முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள். கால்வாசி வகுப்புகூட முடியவில்லை. நடந்ததையும் சேர்த்தே 1,280 போச்சு என்கிறேன், ஏனென்றால் நடந்ததும் வகுப்பு இல்லை.

சிங்கப்பூரில் பேரங்காடி ஒன்றின் மேல்மாடியில் இருக்கும் என்ரிச்மென்ட் நிலையம், அதாவது பள்ளிப் பாடத்துக்கு மேல் கூடுதலாகக் கற்றுத்தரும் இடம். 5 முதல் 8 வயதுப் பிள்ளைகளுக்கு. நம்ப வைத்தது இலவச முன்னோட்ட வகுப்புதான். நான்கே பிள்ளைகள், ஆளுக்கொரு மைக்ரோபிட் பலகை (பிள்ளைகள் நிரல் எழுதிப் பழகும் குட்டிக் கணினிப் பலகை). சிவப்பு, மஞ்சள், பச்சை எல்இடி, ஒவ்வொன்றுக்கும் மின்னோட்டத்தைக் குறைக்கும் ஒரு ரெசிஸ்டர். எல்இடியின் நீளக் கால் எந்தப் பக்கம் போகும் என்று ஆசிரியர் கீழே உட்கார்ந்து காட்டினார். பிள்ளையே செருகி, பிள்ளையே விளக்கை எரிய வைத்தது. அந்த வெளிச்சம் முகத்தில் படும்போதே கவுண்டரில் இருந்தவர் நம் தமிழில், “அக்கா, இன்னிக்கே சைன் பண்ணா 1,280தான், நாளைக்கு 1,600 ஆயிடும்” என்றார். வங்கிச் செயலியில் உடனே பணம் அனுப்பும் பேநவ்வில் பணம் போய்விட்டது.

உண்மையான வகுப்பில் அந்த ஆசிரியர் இல்லை. பன்னிரண்டு பிள்ளைகள், நான்கு பலகைகள். மோட்டார் ஓட்டும் பாடத்தில் மோட்டார் வயரை நேராகப் பலகையின் ‘பின்’ எனும் இணைப்பு முனையில் மாட்டச் சொன்னார்கள். அது ஓடவே ஓடாது. அந்த முனையிலிருந்து கிடைக்கும் மின்னோட்டம் சில மில்லி ஆம்பியர்தான், சின்ன மோட்டாருக்கே அதைவிடப் பல மடங்கு வேண்டும். நடுவில் மோட்டாருக்குப் போதிய மின்னோட்டம் தரும் மோட்டார் டிரைவர் எனும் சிறு சுற்று, மோட்டாருக்குத் தனி பேட்டரி இரண்டும் தேவை. அது தெரியாமல் “பேட்டரி வீக்” என்று சொல்லி சின்னப் பிள்ளைகள் நிரல் பழகும் ஸ்க்ராட்ச் ஜூனியரைத் திறந்துவிட்டார்கள். அது யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளக்கூடிய செயலி!

வாழ்க்கைத் திறன் வகுப்பு அதைவிட மோசம். பொத்தான் தைப்பது பாடம். ஊசியில் நூல் கோத்து, முடிச்சுப் போட்டு, பாதி தைத்தும் வைத்திருந்தார்கள். பிள்ளை பிடித்துக்கொண்டு நிற்க ஒரு படம், அவ்வளவுதான். நூலைக் கோக்கத் திணறுவதுதானே அங்கே பாடம்?

வீட்டுக்குக் கொடுத்த கிட்டில் சிஆர் 2032 காசு பேட்டரி இருந்தது, ஸ்க்ரூ இல்லாத மூடிக்குள். பிள்ளை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயை எரித்துப் புண்ணாக்கும் பொருள் அது. ஐந்து வயதுப் பிள்ளையின் பையில் அதைப் போட்டு அனுப்பியதை என்னால் மன்னிக்கவே முடியவில்லை.

பணத்தைக் கேட்டதும் இழுத்தடிப்பு தொடங்கியது. “மேனேஜ்மென்ட் அப்ரூவ் பண்ணணும்.” “ஃபைனான்ஸ் லீவு.” பிறகு “ரீஃபண்ட் கிடையாது, ஹாலிடே கேம்ப்புக்கு மாத்திக்கலாம், டாப்-அப் மட்டும் கட்டுங்க.” பிறகு வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும். 1,280 வெள்ளிக்குப் பதில் நீல டிக்!

சேர்க்கப் போகிறவர்கள், அவசரமாகச் சொல்கிறேன்: மொத்தமாகக் கட்டாதீர்கள், மாதா மாதம் கேளுங்கள். ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகள், ஆளுக்கொரு பலகை உண்டா, யார் ஆசிரியர் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். முன்னோட்ட வகுப்பைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், நடக்கும் வகுப்பைக் கண்ணாடி வழியாகவாவது பாருங்கள். ஐந்து நாளுக்குள் ரத்து செய்யலாம் என்று நினைக்க வேண்டாம், நாமே கடைக்குப் போய்க் கையெழுத்துப் போட்டால் அது பொருந்தாது.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் பயனீட்டாளர் சங்கத்திடம் போகலாம். அல்லது சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்தில் இணையம் வழியாகவே மனுப் போடலாம். 20,000 வெள்ளி வரை கோரலாம், இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். வழக்கறிஞர் தேவையில்லை. ரசீது, ஒப்பந்தம், வாட்ஸ்அப் உரையாடல் மூன்றையும் இன்றைக்கே படம் எடுத்து வையுங்கள். பெற்றோர் குழுவை இவர்கள் கலைத்துவிட்டார்கள், அதில் போட்ட வாக்குறுதி எதுவும் இப்போது அவர்கள் பக்கம் கிடைக்காது.