நெருக்கி வளர்ப்பதா, பாறை அடுக்குவதா? மலாவி சிக்லிட் தொட்டியில் சண்டையைக் கட்டுப்படுத்தும் இரு வழிகள்

ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியின் பாறைக் கரைகளில் வாழும் ம்புனா வகைச் சிக்லிட் மீன்களை வளர்க்கும் எவரும் விரைவிலேயே ஒரு கேள்வியைச் சந்திப்பார். ஆண் மீனின் முரட்டுத்தனத்தை அடக்கத் தொட்டியை மீன்களால் நெருக்கமாக நிரப்புவதா, அல்லது குறைவான மீன்களை விட்டு அவற்றுக்கு ஏராளமான மறைவிடங்களை அமைத்துக் கொடுப்பதா என்பதே அது. ஏறத்தாழ 250 லிட்டர் கொள்ளும் ஒரே நான்கடித் தொட்டியில் இவ்விரண்டையும் நான் அடுத்தடுத்துச் செய்து பார்த்திருக்கிறேன்.

ஏரியில் தோற்ற மீன் சிறிது தூரம் விலகி நீந்திவிட்டால் துரத்திய மீன் தன் பாறைக்குத் திரும்பிவிடும். தொட்டியில் அப்படி விலகிச் செல்ல இடமில்லை. முதலில் நான் எட்டு மீன்கள்தான் வைத்திருந்தேன், அவற்றில் ஆராட்டஸ் என்ற முரட்டு ம்புனா இனத்தின் ஆண் ஒன்றும் இருந்தது. மஞ்சள் உடல் கறுத்து அது தலைமை பிடித்த சில நாட்களிலேயே, மற்றொரு மீன் வால் துடுப்பு கிழிந்து, ஹீட்டருக்குப் பின்னால் நீர்மட்டத்தை ஒட்டிச் சாய்ந்து நிற்கத் தொடங்கியது. தீனி போட்டாலும் அது வெளியே வரவில்லை. அந்த மீன் இறந்த மறுநாளே, அதே மூலையில் வேறொரு மீன் வந்து நின்றதைப் பார்த்தபோதுதான் எண்ணிக்கையைப் பற்றி யோசிக்கத் தொடங்கினேன்.

நெருக்கி வளர்ப்பதன் பயன் இங்கேதான் தெரிகிறது. இருபத்தைந்து மீன்கள் ஓயாமல் குறுக்கும் நெடுக்கும் நீந்தும்போது, ஒன்றைத் துரத்தப் புறப்படும் ஆண் பாதி வழியில் இன்னொன்றின் மீது திரும்பிவிடுகிறது. ஓர் எல்லையை முழுதாகக் காத்து நிற்பதும் அதற்கு இயலாமல் போகிறது. முரட்டுத்தனம் குறைவதில்லை, அடி பலருக்கும் பங்காகிறது, அவ்வளவுதான். ஆணும் பெண்ணும் ஒரே நீலக் கோடுகளோடு இருக்கும் டெமசோனி போன்ற இனத்தில் ஒவ்வொரு மீனும் மற்றொன்றைப் போட்டியாகவே கருதுவதால், பன்னிரண்டுக்குக் குறையாமல் வளர்க்க வேண்டும் என்று அனுபவசாலிகள் வற்புறுத்துகிறார்கள். ஆறுக்கும் பன்னிரண்டுக்கும் இடைப்பட்ட எண்ணிக்கைதான் என் பார்வையில் மிக ஆபத்தானது; ஒவ்வொரு மீனையும் தனித்தனியே தேடிப் போய் அடிக்க வலிய ஆணுக்கு அது வசதியாக அமைந்துவிடுகிறது.

ஆனால் இதற்கு நாம் கொடுக்கும் விலை நீரில் இருக்கிறது. ம்புனாவுக்குத் தேவையான நீரின் பிஹெச் (அமில-காரத் தன்மை) அளவு ஏறத்தாழ 7.8 முதல் 8.6 வரை. பிஹெச் 7 இருக்கும் நீரில், 25 டிகிரி வெப்பத்தில், மீன் கழிவிலிருந்து சேரும் மொத்த அம்மோனியாவில் நச்சு வடிவில் இருப்பது ஒரு சதவீதத்துக்கும் குறைவு, 8.2இல் அது எட்டு சதவீதத்தைத் தொடுகிறது. ஆகவே மற்றத் தொட்டிகளில் தாங்கக்கூடிய சிறு பிழையும் நெரிசலான மலாவித் தொட்டியில் மீன்களைக் கொன்றுவிடும். இரண்டு ஃபில்டர்கள், வாரந்தோறும் பாதியளவு நீர் மாற்றம், அளந்து போடும் தீனி ஆகிய மூன்றில் எதையும் தளர்த்த முடியாது. அதைவிட என்னை அச்சுறுத்தியது மின்வெட்டு. ஒரு கோடை இரவில் மூன்று மணி நேரம் மின்சாரம் போனபோது, அத்தனை மீன்களும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூச்சுக்குத் தவித்ததை டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன். பேட்டரியில் ஓடும் ஏர் பம்பை மறுநாள் காலையிலேயே வாங்கினேன். அது இல்லாத வீட்டில் இம்முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பாறை அடுக்கும் வழியில் நீரின் சுமை குறைவு, ஆனால் இனத் தேர்வில் கண்டிப்பு வேண்டும். அங்கே ஆராட்டஸுக்கு இடமில்லை. சாதுவான யெல்லோ லேப் போன்றவற்றை, ஓர் ஆணுக்கு மூன்று பெண்ணாவது இருக்கும்படி வைக்க வேண்டும். ஒரு முனையில் நிற்கும் மீனுக்கு மறுமுனை தெரியாதபடி பாறைகள் பார்வையை மறைக்க வேண்டும். மணலின் மேல் வைத்தால் மீன்கள் தோண்டிச் சரித்துவிடும் என்பதால், முதலில் பாறையை அமர்த்திவிட்டுப் பிறகு மணலைப் பரப்ப வேண்டும். இந்த முறையில்தான், வாய்க்குள் முட்டைகளைச் சுமந்தபடி தாடை புடைத்து, மூன்று வாரம் ஏறக்குறைய உண்ணாமல் ஒதுங்கியிருக்கும் தாய் மீனை நான் நிம்மதியாகப் பார்க்க முடிந்தது. நெரிசலில் அதற்கு ஒதுங்க இடமே கிடைத்ததில்லை.

ஃபிளவர்ஹார்ன், ஆஸ்கார் போன்ற பெரிய சிக்லிட்களுக்கு நெருக்கும் உத்தியைக் கொண்டுபோகவே கூடாது. ஃபிளவர்ஹார்னைத் தனியாக வளர்ப்பதே சரி.

புதிதாகத் தொடங்குபவர் பாறை வழியைத் தேர்ந்துகொள்ள வேண்டும் என்பதே என் முடிவு. டெமசோனியோ ஆராட்டஸோதான் வேண்டும் என்பவர் நெருக்கலாம், ஆனால் முதிர்ச்சி பெற்ற, அதாவது கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் நன்கு வளர்ந்த, ஃபில்டர் உள்ள தொட்டியில் குஞ்சுகளாக வாங்கி எல்லாவற்றையும் ஒரே நாளில் விட வேண்டும். பின்னால் ஒரு மீனைச் சேர்க்க நேர்ந்தால், விளக்கை அணைத்து, பாறைகளை இடம் மாற்றி, பழைய எல்லைகள் கலைந்த பிறகே அதை விட வேண்டும்.