லேசர் ஹார்டனிங்: கோவை ஜாப் ஒர்க் நிறுவனம் ஒன்றின் சேவை

எங்கள் பட்டறையில் செய்யும் இயந்திரங்களுக்கு 900 மி.மீ. நீளமும் 45 மி.மீ. அகலமும் கொண்ட வழிகாட்டித் தண்டவாளங்களை இ.என்.24 என்ற கலப்பு எஃகில் வெட்டியெடுத்து, இண்டக்ஷன் ஹார்டனிங்குக்கு (மின்காந்தத் தூண்டலால் மேற்பரப்பைச் சூடாக்கி, சட்டெனக் குளிரவைத்துக் கடினமாக்கும் முறை) அனுப்புவதே பல ஆண்டுகளாக வழக்கமாக இருந்தது. தண்ணீர் பீய்ச்சிக் குளிரவைத்ததும் தண்டவாளம் வில்லாக வளைந்துவிடும். அதை பிரஸ்ஸில் வைத்து நிமிர்த்தி, மீண்டும் கிரைண்டிங் (சாணை பிடித்துச் சமன்செய்தல்) செய்வதற்குள் கடினமான மேல்தோலில் பாதி தேய்ந்துபோயிருக்கும். இந்த வேதனைக்காகவே கோவைப் பகுதியில் உள்ள பிறர் கொடுக்கும் பாகங்களைக் கூலிக்கு லேசரால் கடினமாக்கித் தரும் ஒரு ஜாப் ஒர்க் நிறுவனத்தை நாடினோம்.

ரோபோ பிடித்திருக்கும் டயோடு லேசர், எஃகின் மேற்பரப்பை மட்டும் உருகுநிலைக்குச் சற்றுக் கீழே வரை சூடாக்கி நகர்கிறது; அடியிலுள்ள குளிர்ந்த உலோகமே அந்த வெப்பத்தை நொடியில் உறிஞ்சிக்கொள்வதால், எண்ணெயோ தண்ணீரோ இல்லாமலேயே மேல்தோல் மார்ட்டன்சைட் என்னும் மிகக் கடினமான எஃகு அமைப்பாக மாறிவிடுகிறது. பைரோமீட்டர் என்னும் தொடாமலே வெப்பம் அளக்கும் கருவி வெப்பநிலையைத் தொடர்ந்து அளக்க, அதற்கேற்ப லேசரின் திறன் கூட்டிக் குறைக்கப்படுகிறது. திரும்பி வந்த தண்டவாளங்களில் வளைவு 0.05 மி.மீ.க்குள் இருந்தது. கடினத்தன்மை, அதை அளக்கும் ராக்வெல் சி அளவுகோலில், 56 எச்.ஆர்.சி. மாதிரித் துண்டை வெட்டி, மெருகேற்றி, நைட்டாலில் (நைட்ரிக் அமிலமும் ஆல்கஹாலும் கலந்த கரைசல்) நனைத்துப் பார்த்தபோது கடினப் படலத்தின் ஆழம் நடுவில் 0.9 மி.மீ. இருந்தது, இரு ஓரங்களிலும் அது மெலிந்துகொண்டே போனது. ஆகவே கிரைண்டிங்குக்கு 0.15 மி.மீ.க்கு மேல் விடுவது வீண்.

ஆனால் முதல் தவணையில் ஒரு குறை இருந்தது. லேசர் கற்றையின் அகலம் 45 மி.மீ.க்குப் போதாததால் இரண்டு தடங்களாக ஓட்டியிருந்தார்கள். இரண்டாம் தடத்தின் வெப்பம் முதல் தடத்தின் விளிம்பை இளக்கிவிட்டதால், நடுவே நீளவாக்கில் 42 எச்.ஆர்.சி. அளவில் மென்மையான ஒரு கோடு விழுந்திருந்தது. இது இந்த முறையின் இயல்பே என்றாலும், வேலையை எடுக்கும்போதே சொல்லியிருக்க வேண்டியது அவர்களின் கடமை. சுட்டிக்காட்டியதும் அவர்கள் மறுக்கவில்லை. வரைபடத்தை வாங்கி, எண்ணெய்க் காடி வெட்டும் இடத்தின் மேலேயே தடங்கள் இணையும்படி இரண்டாம் தவணையை ஓட்டித் தந்தார்கள். சறுக்கும் பாகம் தொடாத இடத்தில் அந்தக் கோடு இருப்பதால் இப்போது கவலையில்லை.

கரிமம் குறைந்த சாதாரண இரும்புத் தகடு ஒன்றையும் கொடுத்துப் பார்த்தோம். கரிமம் 0.3 சதவீதமாவது இல்லாவிட்டால் பெரிய பலன் இராது என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள்; காசு வரும் வேலையை இப்படி மறுத்த நேர்மையை மனதார மதிக்கிறேன்.

கட்டணம் இண்டக்ஷனைப்போல ஏறத்தாழ இரு மடங்கு. நிமிர்த்தும் கூலியும் இரண்டாம் கிரைண்டிங்கும் மிச்சமாவதால், நீண்ட, மெல்லிய பாகங்களுக்கு அது கட்டுபடியாகிறது. ஒரே அளவிலான சிறு ஷாஃப்டுகளை ஆயிரக்கணக்கில் செய்பவர்களுக்கு இண்டக்ஷனே போதும். நாங்களும் அவற்றை அங்கேதான் அனுப்புகிறோம்.