யூரோமீட்டர் பை: கூடுதல் விலைக்குத் தகுமா?

பெங்களூரு மருந்துக் கடைகளில் 'யூரின் பேக்' (மூத்திரப்பைக் குழாயில் வடியும் சிறுநீரைச் சேர்க்கும் பை) என்று கேட்டால் பெரும்பாலும் 2 லிட்டர் சாதாரணப் பைதான் கிடைக்கும். கோடுகள் 100 மில்லிக்கு ஒன்று. திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பைப் பிடிக்க அது போதவே போதாது. 60 கிலோ நோயாளிக்குச் சிறுநீர் மணிக்கு 30 மில்லிக்குக் கீழே 6 மணி நேரம் போனாலே அந்தப் பாதிப்புக்கான அளவுகோல் பொருந்திவிடும். இரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) ஏறுவது அதற்கும் பிந்தலாம். ஆகவே முன்பக்கம், சிறு அளவையும் காட்டும் அளவுப்பெட்டி உள்ள யூரோமீட்டரைக் கேட்டு வாங்குங்கள், தாராளமாகத் தகும்.

குறை? குழாய் தொங்கி வளைந்தால் சிறுநீர் அங்கேயே தேங்கி, அளவு பொய்யாகக் குறையும். காற்றுத்துளை வடிகட்டி நனைந்தாலும் ஓட்டம் தடைபடும். சிறுநீரே வரவில்லையென்றால் உடனே சிறுநீரகத்தைக் குறை சொல்லாதீர்கள்: முதலில் வளைவு, பிறகு கதீட்டர் (மூத்திரப்பைக்குள் செருகிய குழாய்) அடைப்பு, பிறகு மூத்திரப்பையில் சிறுநீர் தேங்கியிருக்கிறதா என்று அல்ட்ராசவுண்டில் பாருங்கள். மணிக்கொருமுறை குறித்ததும் பெட்டியைப் பைக்குள் வடித்துவிட வேண்டும்; மறந்தால் பழைய அளவும் அடுத்த மணிக் கணக்கில் சேர்ந்துவிடும்.