லண்டன் பையர் 'கொயட் நைஸ்' என்றால்? ஆக்ஸ்ஃபோர்டு லேர்னர்ஸ் டிக்‌ஷனரீஸ் இணையதளம்

திருப்பூரில் மெர்ச்சண்டைசர் வேலை, அதாவது பின்னலாடை வாங்கும் வெளிநாட்டு பையர்களின் ஆர்டரைக் கவனிக்கும் வேலை என்றால் பாதி நாள் மெயிலிலேயே போய்விடும். ஜிஎஸ்எம் என்கிற துணியின் கனம், பீஸ் கணக்கு, டெலிவரி தேதி எல்லாம் எண்களில் வரும், அதில் குழப்பமில்லை. அவற்றுக்கு நடுவே பையர் எழுதும் ரெண்டு வரி இங்கிலீஷ்தான் தலைவலி. ஒவ்வொரு வார்த்தையும் தெரிந்ததுதான். ஆனால் மனுஷர் சரி என்கிறாரா, வேண்டாம் என்கிறாரா என்பது மட்டும் பிடிபடாது.

இதற்கென்று காசு கட்டி ஒரு ஆப் வாங்கினேன். பூனையும் நாயுமாக மழை பெய்கிறது என்ற ரகத்தில் தினமும் ஒரு இங்கிலீஷ் சொலவடை அனுப்பியது. எந்த பையரும் எனக்கு மழையைப் பற்றி எழுதியதில்லை. இப்போது மெயிலுக்குப் பக்கத்தில் எப்போதும் திறந்திருப்பது ஆக்ஸ்ஃபோர்டு லேர்னர்ஸ் டிக்‌ஷனரீஸ் இணையதளம். இலவசம்.

இதன் பலம், பிரிட்டிஷ் வழக்கு எது, அமெரிக்க வழக்கு எது என்று பிரித்துச் சொல்வது. 'கொயட்' (quite) என்று போட்டுப் பாருங்கள். ஓரளவு என்று ஒரு பொருள், முழுக்க என்று இன்னொன்று, வட அமெரிக்காவில் 'ரொம்ப' என்று மூன்றாவது. லண்டன்காரர் சாம்பிளைப் பார்த்து 'கொயட் நைஸ்' என்றால் பெரும்பாலும் 'பரவாயில்லை' அளவுதான். கட்டிங்குக்குப் போகும் முன் இன்னொரு தரம் கேட்டுக்கொள்வது நல்லது. நியூயார்க்கிலிருந்து அதே வரி வந்தால் சந்தோஷப்படலாம். ஆனால் 'கொயட் இம்பாசிபிள்' என்று வந்துவிட்டால், ஓரளவுக்குத்தானே முடியாது என்று பேரத்தில் இறங்காதீர்கள். அந்தத் தொடரில் 'கொயட்' என்றால் முழுக்க முடியாது என்றே அர்த்தம்.

'டேபிள்' இன்னும் மோசம். விலை விஷயத்தை டேபிள் செய்யலாம் என்று பிரிட்டிஷ்காரர் சொன்னால் பேச எடுக்கலாம் என்று அர்த்தம். அமெரிக்கர் சொன்னால் இப்போதைக்குத் தள்ளி வைக்கலாம் என்று அர்த்தம்.

போன சீசனில் எங்கள் ஜூனியர் பையன், தூத்துக்குடியில் கன்டெய்னர் தாமதமாகிறது என்று பையருக்கு வருத்தப்பட்டு எழுதினான். பதில் ஒரே வரி: 'டெல் மீ அபௌட் இட்!' உடனே உட்கார்ந்து, லாரி கிளம்பிய நேரத்திலிருந்து ஆரம்பித்து நாலு பத்தி எழுதி அனுப்பிவிட்டான். ஏன்டா என்றால், "ஏனுங்க்கா, அவங்கதானே சொல்லச் சொன்னாங்க?" என்கிறான். அகராதியில் 'டெல்' பக்கத்தின் கீழே போனால் விஷயம் இருக்கிறது: எனக்கும் இதே பாடுதான், நீங்கள் சொல்லியா தெரியணும் என்று அர்த்தம். 'வித் ரெஸ்பெக்ட்' என்று ஒரு வரி தொடங்கினால் அடுத்து மறுப்பு வரப்போகிறது என்பதையும் இப்படித்தான் அவனுக்குக் காட்டினேன்.

குறையும் இங்கேதான். இந்த மாதிரித் தொடர்கள் பக்கத்தின் அடியில் கிடக்கின்றன. எந்த வார்த்தையின் கீழ் தேடுவது என்று முதலில் நாம் ஊகிக்க வேண்டும். விளக்கமும் இங்கிலீஷிலேயேதான். எளிய இங்கிலீஷ் என்றாலும் புதிதாக வருகிறவர்கள் திணறுவார்கள். 'பைவீக்லி' என்று தேடினால் வாரம் இருமுறை, இரு வாரத்துக்கு ஒருமுறை இரண்டையும் போட்டுவிட்டுக் கை விரிக்கிறது. அது அகராதியின் தப்பில்லை, இங்கிலீஷே அப்படித்தான். 'நெக்ஸ்ட் ஃப்ரைடே'யும் அதே கதை: செவ்வாய்க்கிழமை அன்று சொன்னால் இந்த வெள்ளியா, அடுத்த வாரமா? அதற்கு அகராதியைத் திறக்காமல் தேதியைக் கேட்டு வாங்குங்கள்.

இவ்வளவு பொறுமையாக விளக்கக் காரணம் இதன் பூர்வீகம். ஜப்பானில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்த ஹார்ன்பி என்பவர், இரண்டு சகாக்களுடன் அங்குள்ள மாணவர்களுக்காகத் தொகுத்த அச்சு அகராதிதான் இதற்கு மூலம். 1942இல் டோக்கியோவில் வெளிவந்து, 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பானது. நம்மை மாதிரி வெளியிலிருந்து படிக்கிறவர்கள் எங்கே தடுக்குவார்கள் என்று அப்போதே யோசித்திருக்கிறார்கள். முன்தேதிக்கு மாற்றுவதைச் சொல்லும் நம் ஊர் 'பிரிபோன்' கூட இந்திய இங்கிலீஷ் என்ற அடையாளத்துடன் உள்ளே இருக்கிறது.

ஐந்துக்கு நாலு கொடுப்பேன். 2020இல் வந்த பத்தாம் பதிப்பு அச்சிலும் கிடைக்கிறது. வீட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருந்தால் வாங்கலாம், ஆபீஸ் மேஜைக்கு வேண்டாம். அந்த கனத்தைத் தூக்கிப் புரட்டுவதற்குள் பையர் அடுத்த மெயில் போட்டுவிடுவார்.