கதையைச் சொல்பவர் எங்கே நிற்கிறார்: ‘அவோய் புங்காக்கு’ அனிமே தொடர்

ஜப்பானின் நவீன செவ்வியல் கதைகளை அனிமேயாக, அதாவது ஜப்பானிய அசைவூட்டப் படமாக, ஆக்கிய முயற்சிகளில் ‘அவோய் புங்காக்கு’ தொடருக்குத் தனி இடம் உண்டு. மாட்ஹவுஸ் நிறுவனம் தயாரித்து 2009ஆம் ஆண்டின் கடைசி மூன்று மாதங்களில் ஒளிபரப்பான இத்தொடர், பன்னிரண்டு அத்தியாயங்களில் ஆறு கதைகளைச் சொல்கிறது. ஒசாமு தசாயின் இரண்டு படைப்புகள், ரியுனோசுகே அகுதாகவாவின் இரண்டு, நட்சுமே சோசேகியின் ‘கொகோரோ’, அங்கோ சகாகுச்சியின் ஒரு கதை என்பது தேர்வு. தசாய் பிறந்து நூறாண்டு நிறைந்ததும் அதே 2009இல்தான். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் தசாயின் ‘நிங்கென் ஷிக்காகு’ நாவலுக்கு ‘டெத் நோட்’ என்ற மங்காவின் (ஜப்பானியப் படக்கதை) ஓவியர் தகேஷி ஒபாதா அட்டைப்படம் வரைந்ததும், இளைஞர்கள் அந்தப் பழைய நாவலைப் பெருமளவில் வாங்கத் தொடங்கினார்கள். இத்தொடரின் பாத்திர வடிவமைப்பை மங்கா ஓவியர்களிடம் ஒப்படைத்ததற்கு அந்த வரவேற்பே வித்திட்டது.

இவ்வகைத் தொடரை மூலக்கதையின் நிகழ்ச்சிகள் அப்படியே வருகின்றனவா என்று சரிபார்த்து மதிப்பிடுவது போதாது என்பது என் கருத்து. இந்தக் கதைகளின் உயிர், பெரும்பாலும், அவற்றை யார் சொல்கிறார் என்பதில் இருக்கிறது. சொல்பவர் எதை மறைக்கிறார், எதைத் தெரியாமல் வெளியே விட்டுவிடுகிறார் என்பதுதான் வாசகரைக் கட்டிப்போடுகிறது. எழுத்தில் இருக்கும் அந்தக் குரலுக்கு ஈடாகக் காட்சியில் எதை வைத்தார்கள் என்று பார்த்தால், இத்தொடரின் உயரமும் சறுக்கலும் ஒருசேரத் தெரியும்.

உயரம் என்று நான் சொல்வது ‘கொகோரோ’வின் இரண்டு அத்தியாயங்களை. 1914இல் வெளிவந்த அந்த நாவலின் மூன்றாம் பகுதி, சென்செய் என்று அழைக்கப்படுபவர் ஒரு மாணவனுக்கு எழுதும் நீண்ட கடிதம். தன்னுடன் ஒரே வீட்டில் தங்கியிருந்த நண்பன் கே, வீட்டுக்காரப் பெண்மணியின் மகளைக் காதலிப்பதாகத் தன்னிடம் மனம் திறந்த பிறகு, அவனுக்குத் தெரியாமல் அவளுடைய தாயிடம் தான் பெண் கேட்டுவிட்டதையும், அதை அறிந்த கே தன் உயிரை மாய்த்துக்கொண்டதையும் சென்செய் அதில் ஒப்புக்கொள்கிறார். கே என்ன நினைத்தான் என்பதைச் சென்செய்யின் வாய்வழியாக மட்டுமே நாம் கேட்கிறோம்; குற்றவாளியே சாட்சியாகவும் இருக்கிறார். அனிமே இந்த இடத்தைத்தான் பிடித்துக்கொள்கிறது. முதல் அத்தியாயம் சென்செய்யின் பார்வையில் கோடைக்காலத்தில் நடக்கிறது. அதில் கே, அறையையே நிறைத்துக்கொண்டு அச்சமூட்டும் பேருருவம். அடுத்த அத்தியாயம் அதே கதையைக் கேயின் பக்கமிருந்து, குளிர்காலத்தில், மறுபடி சொல்கிறது; அந்தப் பெண்ணின் மனம் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்பதும் அங்கே மாறிவிடுகிறது. சோசேகி எழுதாத ஒன்றை இயக்குநர் சேர்த்திருக்கிறார் என்பது உண்மை. ஆனால் சென்செய்யின் வாக்குமூலத்தை எவ்வளவு நம்பலாம் என்ற சந்தேகத்தை நாவலே நமக்குள் விதைக்கிறது. அந்தச் சந்தேகத்தை இந்த அத்தியாயம் கண்முன் கொண்டுவருகிறது. மெய்ஜி பேரரசரின் மறைவையும் தளபதி நோகியின் தற்கொலையையும் ஒட்டி நாவலில் வரும் காலமாற்றத்தின் கனம் இதில் இல்லை என்பது உண்மையான இழப்பு.

நான்கு அத்தியாயங்கள் பெற்ற ‘நிங்கென் ஷிக்காகு’வை மொரியோ அசாகா இயக்கியிருக்கிறார். கோமாளி வேடத்தால் தன் பயத்தை மூடிக்கொள்ளும் நாயகன் யோசோவின் உள்மனம் எழுத்தில் பக்கம் பக்கமாக விரிகிறது. திரையில் அது கருத்த உருவமாக அவனைத் துரத்துகிறது. நடிகர் மசாதோ சகாய் ஒவ்வொரு கதையையும் அறிமுகப்படுத்துவதோடு முதன்மைப் பாத்திரங்களுக்கும் குரல் கொடுக்கிறார். யோசோவுக்கு அவர் தரும் தணிந்த, களைத்த குரல் பல இடங்களில் ஓவியத்தையும் மிஞ்சி நிற்கிறது. தற்கொலை முயற்சிகளை நேரடியாகக் காட்டும் பகுதி இது. மனம் தளர்ந்திருக்கும் நேரத்தில் பார்க்க வேண்டாம்.

தசாயின் ‘ஓடு, மெலோஸ்’ கதையை, அதை நாடகமாக்கிக்கொண்டிருக்கும் ஓர் எழுத்தாளனின் பழைய நட்பு முறிவோடு பின்னியிருக்கிறார்கள். மூலத்தில் நட்பின் வெற்றி ஐயத்துக்கு இடமின்றி நிற்கிறது. இங்கே அதை எழுதுபவனுக்கே அதில் நம்பிக்கையில்லை. இந்த மாற்றம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. சகாகுச்சியின் செர்ரிப்பூக் காட்டுக் கதையில் பாட்டையும் நகைச்சுவையையும் கலந்தது துணிச்சலான செயல். எனினும், வெட்டுண்ட தலைகளை வைத்து விளையாடும் பெண்ணின் கொடூரம் அதனால் பெருமளவு நீர்த்துப்போகிறது.

சறுக்கல் ‘நரகத் திரை’யில் நேர்கிறது. அகுதாகவா 1918இல் எழுதிய அக்கதையைச் சொல்பவன் பிரபுவின் பணியாள். தன் எசமானரைப் போற்றிக்கொண்டே செல்கிறான். ஓவியன் யோஷிஹிதேயின் மகள் மீது பிரபுவுக்குத் தவறான எண்ணமே கிடையாது என்று அவன் மறுக்க மறுக்க, நமக்கு ஐயம் வலுக்கிறது. அவள் பூட்டப்பட்ட வண்டியோடு எரிவதைத் தந்தையே நின்று பார்க்கும் காட்சியின் பயங்கரம், அந்தப் பணிவான குரலில் கேட்பதால்தான் இரட்டிப்பாகிறது. அனிமே அந்தக் குரலை நீக்கிவிட்டு, மக்களின் துயரத்தை வரையத் துணியும் ஓவியனுக்கும் கொடுங்கோல் மன்னனுக்கும் நடக்கும் மோதலாகக் கதையை மாற்றிவிட்டது. நிறங்கள் கண்ணைப் பறிக்கின்றன. ஆனால் தன் கலைக்காக எதையும் எரியவிடக்கூடிய அந்த மனிதனின் இருள் காணாமல் போய், அவன் வெறும் நல்லவனாகிவிடுகிறான்.

சொல்பவரின் குரலைச் சரியாகக் கையாண்ட படைப்பு, நவோகோ யமதா 2021இல் இயக்கிய ‘ஹெய்கே மோனோகதாரி’ என்ற அனிமே தொடர். பிவா என்ற நரம்புக்கருவியை மீட்டும் பார்வையற்ற இசைக்கலைஞர்கள் வழிவழியாகப் பாடிவந்த அதே பெயருள்ள பழங்காவியத்துக்கு, பிவா என்றே பெயர் கொண்ட ஒரு சிறுமியைச் சாட்சியாக வைத்தார். வரப்போவதைக் காணும் கண் அவளுக்கு உண்டு, தடுக்கும் வலிமை கிடையாது. பாடுபவரின் நிலையும் அதுவேதான்.

‘அவோய் புங்காக்கு’வைப் புதிதாகப் பார்க்க விரும்புவோர் ‘கொகோரோ’ வரும் ஏழாம், எட்டாம் அத்தியாயங்களிலிருந்து தொடங்கலாம், இரண்டையும் இடைவெளி விடாமல் பார்ப்பது அவசியம். ‘நரகத் திரை’யை மட்டும் முதலில் சிறுகதையாகப் படித்துவிட்டுப் பிறகு பாருங்கள்.